பாரிஸ் 18ஆம் வட்டாரத்துக்குத் தனி மேயர் எப்படி வந்தார்?

பாரிஸுக்கே ஒரு மேயர் இருக்கும்போது 18ஆம் வட்டாரத்துக்கு இன்னொருவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கலியாணப் பதிவு அந்த வட்டார மெரியில்தான் (மேயர் அலுவலகம்) நடந்தது. மூவர்ணப் பட்டை போட்டு நின்றவரைப் பாரிஸ் மேயர் என்றே நினைத்து, மாமியார் ஊருக்கெல்லாம் ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார்!

1860 வரை, இப்போது 18இல் இருக்கும் மோன்மார்த்ர், லாச்சப்பல் எல்லாம் பாரிஸுக்கு வெளியே, சொந்த மேயரோடு இருந்த ஊர்கள். அந்த ஆண்டு அவற்றை நகரத்தோடு சேர்த்தபோது 12 வட்டாரங்கள் 20 ஆயின. (அதுவரை, பதியாமல் சேர்ந்து வாழ்பவர்களை '13ஆம் வட்டார மெரியில் கலியாணம் கட்டியவர்கள்' என்று கேலி செய்வார்களாம். அப்படி ஒரு வட்டாரமே அப்போது கிடையாது.) புது வட்டாரங்களின் மேயர்கள் அரசு நியமித்தவர்கள்.

1870 செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு கவிழ்ந்ததும் 18ஆம் வட்டாரத்துக்கு மேயரானவர் ஒரு டொக்டர். வயது 28. பெயர் ஜோர்ஜ் கிளெமான்சோ. பின்னாளில் பிரதமரான அதே ஆள்தான். 1871 மார்ச் 18 விடியற்காலையில், மோன்மார்த்ர் குன்றில் இருந்த பீரங்கிகளை எடுத்துப்போக அரசு படையை அனுப்பியது. சனம் திரண்டு மறித்தது, சிப்பாய்களில் பலர் சனத்தோடு சேர்ந்துகொண்டார்கள். பிடிபட்ட இரண்டு ஜெனரல்களைக் காப்பாற்ற கிளெமான்சோ ஓடினார். போய்ச் சேருவதற்குள் சுட்டுவிட்டார்கள். பாரிஸ் சனம் அரசை எதிர்த்து நகரத்தைத் தாங்களே ஆண்ட பாரிஸ் கொம்யூன் தொடங்கியது அப்படித்தான்.

அந்தப் பயம் அரசுக்கு நூறு வருடம் தெளியவில்லை என்றுதான் நான் சொல்வேன். தலைநகருக்கு மேயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வட்டாரங்களில் மட்டும் பிறப்பு, இறப்பு, கலியாணம் பதிய நியமன மேயர்கள் இருந்தார்கள். 1977-இல்தான் வலதுசாரியான ஜாக் சிராக் நகர மேயரானார்.

வட்டாரங்களுக்குத் தேர்தல் வந்தது 1982 டிசம்பர் 31 சட்டத்தால். அதைக் கொண்டுவந்தது இடதுசாரி அரசு. ஆனால் 1983 தேர்தலில் 20 வட்டாரமும் சிராக் அணிக்கே போனது! 18இல் ரொஜே ஷினோ மேயரானார். 1995-இல் சோசலிஸ்ட் கட்சியின் தானியேல் வையான் அதைப் பிடித்தார்.

சரி, இவருக்கு என்ன அதிகாரம்? பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தைகள் காப்பகம், விளையாட்டுக்கூடம் மாதிரியானவற்றைப் பார்த்துக்கொள்வார். வரி போட முடியாது, காசு நகரசபை கொடுப்பதுதான். அவரைத் தேர்ந்தெடுப்பதும் நேரடியாக மக்கள் இல்லை, வட்டார சபை உறுப்பினர்கள்.

மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.