பழைய காரின்ரை பிரேக், சஸ்பென்சன் வேலையை வீட்டிலை நாங்களே செய்யலாமோ?

கேள்வி கேட்ட தம்பி 2003 டொயோட்டா கொரோலா 121 ஒண்டு வச்சிருக்கிறாராம், குழியிலை விழேக்கை முன்பக்கம் டக் டக் எண்டு அடிக்குதாம், பிரேக் அமத்தினா கீச்சிடுதாம், கராஜ்காரர் கேட்ட காசு கட்டுப்படியாகாதாம், வீடியோவிலை பாக்க லேசாக் கிடக்கு எண்டு எழுதியிருக்கிறார். நானும் அதே 121 தான் ஒம்பது வருசமா ஓடுறன், கொக்குவில்லை வீடு, மெக்கானிக் இல்லை, வேற வேலை. செய்யலாம் தம்பி, ஆனா எல்லாத்தையும் இல்லை. எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது எண்டு விளங்கவே எனக்கு நாலு வருசம் போட்டுது.

வீடியோவிலை காட்டாத சாமான் கறள். அவன் சாவியை வச்சுத் திருப்ப நட் அப்பிடியே சுத்திக்கொண்டு வரும், எங்கடை காரிலை அப்பிடி வராது. என்ரை மனிசி ஊர்காவற்றுறையிலை படிப்பிக்கிறா, நாளாந்தம் பண்ணைப் பாலத்தாலை கடலைத் தாண்டித்தான் போய்வாறது, சோளகக் காத்துக்கு அந்த உப்புத் தண்ணித் துமி முழுக்கக் காருக்குக் கீழைதான் போய் ஒட்டும். காரைநகர்ப் பக்கம் ஓடுற ஆக்களுக்கும் இதே கதைதான். வாரத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியாலை அடிப்பக்கத்தைக் கழுவுங்கோ, மேலாலை பொலிஷ் போடுறதைவிட அது முக்கியம்.

உங்கடை டக் டக் சத்தம் பெரும்பாலும் சஸ்பென்சனிலை இருக்கிற சின்னக் கம்பி, லிங்க் ரொட்டாத்தான் இருக்கும், இல்லாட்டி சில்லைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கை, லோவர் ஆம், அதின்ரை ரப்பர் புஷ். நானும் முதல் முதல் கை வச்சது லிங்க் ரொட்டிலைதான். ரெண்டே ரெண்டு நட், அரை மணித்தியால வேலை எண்டாங்கள். விடிய எட்டு மணிக்கு மாமரத்துக்குக் கீழை தொடங்கினனான், மேல் நட் வந்திட்டுது, கீழ் நட்டைத் திருப்பினா அதோடை சேர்ந்து உள்ளுக்கு இருக்கிற போல் ஜொயின்ரும் சுத்துது, அதைப் பிடிக்கிறதுக்கு நுனியிலை அலன் கீ போடுற ஓட்டை ஒண்டு இருக்கு, அதுக்குள்ளை மண்ணும் கறளும் கல்லா இறுகிப்போய்க் கிடக்கு. ஊசியாலை கிண்டி எடுத்துக் கீயைப் போட்டுத் திருப்பினன், ஓட்டை வட்டமாப் போச்சு. குறட்டாலை பிடிச்சன் வழுகுது, பைப் போட்டு இழுத்தன், நட்டின்ரை மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. பதினொரு மணியாச்சு, வேர்வை கண்ணுக்குள்ளை போகுது, அந்த நேரத்திலை வந்த கோவம் இருக்கே, சுத்தியலாலை அடிச்ச அடி பக்கத்திலை இருந்த பிரேக் ஹோசிலை படாதது ஆண்டவன் புண்ணியம்.

பக்கத்து வீட்டு ஐயா மதிலாலை எட்டிப் பாத்திட்டு வந்தார். தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் வராத காலம், ஒஸ்ரின் ஏ 40 கார் ஒண்டை ரெண்டு சொட்டுப் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்யிலை ஹயர் ஓடின மனிசன் அவர். பாத்த உடனை சொன்னார், "விடு தம்பி, கோவத்தோடை இனி அதிலை கை வைக்காதை. மண்ணெண்ணெய்யை ஊத்திப்போட்டுப் போய்ச் சாப்பிட்டுப் படு, நாளைக்கு விடிய வாறன்" எண்டு. அடுத்த நாள் இரும்பு வாளாலை நட்டுக்குப் பின்னாலை அறுத்துத்தான் எடுத்தது, இருவது நிமிசம். பழைய லிங்க் ரொட் எப்பிடியும் எறியிற சாமான்தானே, அறுத்தா என்ன எண்டு எனக்கு முதல் நாள் ஓடவேயில்லை. இண்டைக்கும் வேலை செய்யிறதுக்கு முதல் நாள் பின்னேரமே நட் எல்லாத்தையும் கம்பி பிரஷ்ஷாலை உரஞ்சி, பிரேக் தட்டு ரொட்டருக்கும் அதை அமத்திற பாட்டுக்கும் சிந்தாமல் எண்ணெய் விட்டிட்டுத்தான் விடுறனான்.

ஆனா அந்த மண்ணெண்ணெய்யே பேந்து எனக்கு வினையாப் போச்சு. பிரேக் பாட் மாத்தேக்கை பாட்டைப் பிடிக்கிற கலிப்பர் அசையிற ஸ்லைட் பின்னையும் அதின்ரை ரப்பர் உறையளையும் மண்ணெண்ணெய்யிலை ஊறப்போட்டுக் கழுவி, வீட்டிலை கிடந்த சாதாரண கிறீசைப் பூசிப் பூட்டிப்போட்டன். மூண்டு மாசத்திலை திரும்பக் கீச்சு. கழட்டிப் பாத்தா ரப்பர் ஊறின பயறு மாதிரி உப்பி ஸ்லைட் பின்னை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு, உள்பக்கப் பாட் இரும்பு தெரியுமட்டும் தேஞ்சு போச்சு, வெளிப்பக்கப் பாட்டிலை அரைவாசி அப்பிடியே இருக்கு. பிரேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் ஒண்டும் படக்கூடாது, பிரேக் ஒயிலாலையே கழுவலாம், ஸ்லைட் பின்னுக்கு அதுக்கெண்டு விக்கிற சிலிக்கன் கிறீஸ்தான் போடவேணும். உங்கடை கீச்சுக்கும் முதலிலை ரெண்டு பக்கப் பாட்டும் ஒரே அளவிலை தேஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, மூண்டு மில்லிமீற்றருக்குக் கீழை வந்திட்டா மாத்துங்கோ. பின் சில்லு டிரம்மைத் திறந்தா அந்தத் தூசை வாயாலையோ கொம்பிரசராலையோ ஊதாதேங்கோ, பழைய லைனரிலை அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியாலை துடையுங்கோ.

பிரேக் ஒயில் விசயத்திலை எங்கடை ஊர் எங்களை ஏமாத்தும். யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை நிலம், இறக்கமே இல்லை, பிரேக் பெரிசாச் சூடாகாது, அதாலை ஒயில் பழுதாப் போனாலும் தெரியாது. அது காத்திலை இருக்கிற ஈரத்தை உறிஞ்சிற சாமான், டொட் 4 எண்ட வகை எண்டால் புதிசா இருக்கேக்கை குறைஞ்சது 230 பாகையிலைதான் கொதிக்கும், தண்ணி ஏறிப்போச்செண்டால் 155க்கு இறங்கலாம். நாங்கள் குடும்பமா நுவரெலியா போட்டு இறம்பொடைப் பக்கத்தாலை இறங்கேக்கை பெடல் பஞ்சு மாதிரிப் போனது எனக்கு இப்பவும் காலிலை தெரியும். சின்னக் கியரிலை போட்டு ஓரங்கட்டி ஒரு மணித்தியாலம் நிண்டு ஆறவிட்டுத்தான் இறங்கினது. இப்ப ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, வெளியிலை வாற ஒயில் பிளேன்ரீ நிறம் மாறித் தெளிவா வருமட்டும், சில்லடியிலை இருக்கிற பிளீட் நட்டைத் திறந்து பழசை வெளியேத்தி பிளீட் பண்ணுறனான், மனிசி பெடலிலை, நான் சில்லடியிலை. "அமத்து", "பிடி", "பூட்டியாச்சு, விடு" எண்டு ஒவ்வொண்டுக்கும் அவ திருப்பிச் சொன்னாப் பிறகுதான் அடுத்தது. அந்த நட்டைப் பூட்ட முதல் காலை எடுத்தா காத்து உள்ளை போயிடும், திரும்ப முதலிலையிருந்து.

சாமான் கையிலை வரமுதல் சில்லைக் கழட்டாதேங்கோ. 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலைதான் திரும்ப விட்டவை, அதுக்குள்ளை பழைய காரை எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினதிலை சாமானுக்கும் தட்டுப்பாடு, விலையும் அந்த மாதிரி. நான் லோவர் ஆமைக் கழட்டி வச்சிட்டுப் கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைக்குப் போன் அடிச்சுச் சொல்ல, இரவு பஸ்ஸிலை வந்த பார்சலுக்குள்ளை இடப்பக்கத்துக்குப் பதிலா வலப்பக்கம் இருந்தது. நாலு நாள் கார் அந்தரத்திலை, மனிசி ரெண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனவ. ஒரே மாடலிலையே சாமான் மாறும், சேசிஸ் நம்பரைக் குடுங்கோ, பழசைப் படம் எடுத்து அனுப்புங்கோ.

அந்த ஆமைப் பூட்டினதிலையும் பிழை விட்டன். சில்லு தொங்கிக்கொண்டு நிக்கேக்கையே புஷ் போல்ட்டை இறுக்கிப்போட்டன். கார் இறங்கி நிண்ட உடனை ஆம் மேலை எழும்பும், ரப்பர் முறுகினபடியே நிக்கும், ஒரு வருசத்துக்குள்ளை கிழிஞ்சு போச்சு. கையாலை பூட்டிவிட்டிட்டு, சில்லு நிலத்திலை நிண்டு பாரம் ஏறினாப் பிறகுதான் கடைசி இறுக்கு.

ஷொக் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டிலை பிரிக்காதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன். காரின்ரை முன் பாரத்தைத் தாங்கிற ஸ்பிரிங் அது, அமத்திப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழட்டினா முகத்துக்குத்தான் வரும். நான் முழு ஷொக்கையும் அப்பிடியே கழட்டி மோட்டச்சைக்கிளிலை கட்டிக் கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் மாத்திக்கொண்டு வாறனான், கூலி பெரிசா இல்லை, பூட்டினாப் பிறகு அலைன்மென்ற் பாக்கவேணும். ஜாக்கும் எங்கடை மண்ணிலை புதையும், கீழை பலகை வையுங்கோ, காரைத் தாங்கிற ஸ்ராண்ட் இல்லாமல் உள்ளை போகாதேங்கோ, சீமெந்துக் கல்லு வச்சால் பொசுக்கெண்டு நொருங்கும். கழட்டின சில்லையும் காருக்குக் கீழை தள்ளி விடுங்கோ.

இன்னொண்டு இருக்கு, எழுதவே கை நடுங்குது. ஒரு நாள் பாட் மாத்தினது, ஒரு ஸ்லைட் பின் இறுகிப்போய் மத்தியானம் முடியவேண்டிய வேலை மைம்மல் மட்டும் இழுத்திட்டுது, எப்ப முடியும் எப்ப குளிக்கலாம் எண்டு இருந்தன். சில்லைப் பூட்டி இறக்கின உடனை ஏறி ரிவர்ஸ் எடுத்தன். எங்கடை பெட்டை, அப்ப ஆறு வயசு, "அப்பா வாங்கோ வாங்கோ" எண்டு கேற்றைத் திறந்துகொண்டு நிண்டவ. பிரேக்கை அமத்தினா பெடல் நிலம் மட்டும் போகுது. புதுப் பாட்டுக்காக, பாட்டை அமத்திற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினா, பெடலைக் கன தரம் மிதிச்சுப் பிஸ்டனை முன்னுக்குக் கொண்டுவருமட்டும் பிரேக்கே இருக்காது, தெரியாத விசயமில்லை, அவசரத்திலை விட்டிட்டன். ஹாண்ட் பிரேக்கை ரெண்டு கையாலையும் இழுத்தன். கார் நிண்டாப் பிறகு இறங்கிப் பாத்தா பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவிலை ஒரு முழம் இல்லை. அவ இன்னும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா.

இப்ப மத்தியானத்துக்குப் பிறகு பிரேக்கிலை கை வைக்கிறேல்லை. வேலை முடிஞ்சா முதலிலை எஞ்சின் போடாமலே பெடல் கல்லு மாதிரி நிக்குமட்டும் மிதிக்கிறது, ஒயில் மட்டம் பாக்கிறது, சில்லு நட்டை டோர்க் சாவியாலை 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிறது, எஞ்சினைப் போட்டுத் திரும்பவும் பெடலை அமத்திப் பாக்கிறது. அதுமட்டும் கேற் பூட்டித்தான் இருக்கும், திறப்பு என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை.