மேட்டூருக்குச் செல்லும் பயணி அனல்மின் நிலையத்தையும் நின்று பார்க்க வேண்டுமா?

மேட்டூர் அணையைக் காணச் செல்பவர்களுக்குச் சாலையிலிருந்தே தெரியும் அனல்மின் நிலையம் பார்க்கத்தக்க ஒன்றா என்றும், அங்குள்ள பெரிய பானை போன்ற கட்டடங்களிலிருந்து எழுவது புகைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், ஆம், கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதே. இரண்டாவது கேள்விக்கு, அது புகை அன்று என்பதே விடை. ஆனால் புகை வேறொரு இடத்திலிருந்து வெளியேறுகிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை.

மேட்டூருக்கு வரும் சேலத்து உறவினர்களும் வெளியூர் நண்பர்களும் அணைப் பூங்காவில் அமர்ந்து, மீன் வறுவல் உண்டு, முனியப்பனை வணங்கித் திரும்பிவிடுகிறார்கள். 1934-இல் முடிக்கப்பட்ட அணைக்கு அந்த மரியாதை உரியதுதான். எனினும் மின்சாரம் என்ற அளவுகோலில் மட்டும் பார்த்தால், அணை மின்நிலையமும் சுரங்கப்பாதை (டனல்) மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் திறன் கொண்டவை. அதுவும் பாசனத்திற்குத் தண்ணீர் திறக்கப்படும் காலத்தைச் சார்ந்தது. உள்ளூரில் வெறுமனே ‘தெர்மல்’ என்று அழைக்கப்படும் அனல்மின் நிலையத்தின் திறனோ 1,440 மெகாவாட். 1987 முதல் 1990 வரை இயங்கத் தொடங்கிய நான்கு 210 மெகாவாட் மின் உற்பத்தி அலகுகளும், 2013-இல் வணிக உற்பத்திக்கு வந்த 600 மெகாவாட் அலகும் சேர்ந்தது இந்தக் கணக்கு.

இந்த நிலையத்தின் சிறப்பு, நிலக்கரி மின்சாரமாகும் பாதையின் பெரும்பகுதியை மதிலுக்கு வெளியே நின்றபடியே தொடர்ந்து காண முடிவதுதான். ஓமலூர், மேச்சேரி வழியாக வரும்போது ரயில்வே கேட் ஒன்றில் நிற்க நேர்ந்தால் எரிச்சலடையாமல் எதிரே செல்லும் சரக்கு ரயிலைப் பாருங்கள். ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலேறிய நிலக்கரியாக அது இருக்கக்கூடும். ஒரு ரயில் ஏறத்தாழ 3,800 டன் சுமக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், ஐந்து அலகுகளும் முழுத்திறனில் ஓடும் ஒரு நாளுக்கு இத்தகைய ரயில்கள் ஆறுக்கும் சற்று மேல் தேவைப்படும்.

இனி நீங்கள் கேட்ட பானைகளுக்கு வருவோம். அவை குளிரூட்டும் கோபுரங்கள். நிலக்கரியின் வெப்பத்தில் உண்டாகி, மின்சாரம் தரும் சுழலியை (டர்பைன்) சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்குவதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். அந்த வேலையில் சூடேறிய நீரைக் கோபுரத்தின் அடிப்பகுதியில் மழையாகத் தெளிக்கிறார்கள். இடுப்பு ஒடுங்கிய அந்த உயரமான கூட்டின் வழியே காற்று, விசிறி எதுவுமின்றித் தானாகவே மேலெழுகிறது. அப்போது நீரின் ஒரு சிறு பங்கு ஆவியாகி மற்றதைக் குளிர்விக்கிறது. மேலே வெண்மையாகத் தெரிவது அந்த ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகளே. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே மின்சாரமாகிறது என்பதையும், கம்பி வழியாக வெளியேறும் ஆற்றலைவிட இக்கோபுரங்கள் வழியாக வீணாகும் ஆற்றல் அதிகம் என்பதையும் அறிந்த பிறகு பார்த்தால், அந்த வெண்மேகம் வெறும் அழகாக மட்டும் தெரியாது.

அதற்கான நீரும் காவிரியினுடையதுதான். 2015-இல் மத்திய அரசு வகுத்த வரம்பின்படி, இத்தகைய பழைய நிலையங்கள் ஒரு மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 3.5 கன மீட்டருக்கு மேல் நீர் எடுக்கக் கூடாது. முழுத்திறனில் அது விநாடிக்கு 50 கன அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. டெல்டாவுக்குத் திறக்கப்படும் பல்லாயிரம் கன அடியோடு ஒப்பிட்டால் இது சிறியது; ஆனால் அணை வற்றிக் கிடக்கும் கோடையிலும் நிறுத்த முடியாத தேவை இது.

உண்மையான புகையைக் காண விரும்பினால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒல்லியான புகைபோக்கிகளைப் பாருங்கள். 210 மெகாவாட் வகை அலகுகளுக்கு 220 மீட்டர், 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் கொண்டவற்றுக்கு 275 மீட்டர் என்பது இந்திய விதி; பின்னது 214 அடி உயர அணையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அவற்றின் வாயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சாம்பலின் மிகப்பெரும் பகுதியை, மின்னேற்றத்தால் தூசியை ஈர்க்கும் நிலைமின் வடிப்பான்கள் உள்ளேயே பிடித்துவிடுகின்றன. கரியமில வாயுவுக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் நிறமில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஒரு நிலையத்தின் மாசை எடைபோடுவது இங்கே பயன்படாது. வடிப்பான்கள் பிடித்த சாம்பல் என்னவாகிறது என்று அறிய, சாலையில் செல்லும் உருளை வடிவப் பல்கர் லாரிகளைக் கவனிக்கலாம். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்பதால், அது சிமென்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைக்கு மாற்றாக வந்த சாம்பல் கல் தயாரிப்புக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எப்போது செல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணைக்கு அதிகக் கூட்டம் கூடும் ஆடிப்பெருக்கு, தெர்மலைக் காண ஏற்ற நாள் அல்ல. அப்போது ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று வலுத்து, காற்றாலைகள் முழுமூச்சில் ஓடுவதால், அனல்மின் அலகுகளின் உற்பத்தியைக் குறைப்பதும் சிலவற்றை நிறுத்தி வைப்பதும் வழக்கம். மேலும் வெயிலில் ஆவி விரைவில் கரைந்துவிடும். தை மாதத்துக் காலையில், ஏழு மணிக்கு முன்பாக வந்தால் மேகம் தடித்து நெடுந்தூரம் நீண்டிருக்கும். உள்ளே செல்ல முன்அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிட நினைக்க வேண்டாம். வண்டியை லாரிகளின் பாதையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள்.