பண நிர்வாக வகுப்புகளால் பயன் உண்டா? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு நாள் பண நிர்வாக வகுப்புக்குப் போனேன். குறிப்பெல்லாம் எடுத்தேன். ஆறே மாதத்தில் பழையபடி மாதக் கடைசியில் கை காலி. குறை என்னிடமா, வகுப்பிலா?

பதில்: பெரும்பாலும் வகுப்பின் அமைப்பில். பல வருடங்களாக நானே இப்படி வகுப்பு எடுப்பவன், அதனால் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. இரண்டு நாளில் எல்லாவற்றையும் கொட்டினால், அதில் ஒன்றைக்கூட அன்றே செய்து பார்க்க நேரம் இருக்காது. டொமினிகன் குடியரசில் சிறுதொழில் செய்பவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல். இன்னொரு பிரிவுக்கு எளிய விதிகள் மட்டும்: தொழில் பணமும் வீட்டுப் பணமும் கலக்கக் கூடாது, உனக்கென்று ஒரு சம்பளம் வைத்துக்கொள், இந்த மாதிரி. கணக்கு வைக்கும் பழக்கம் தெளிவாக மேம்பட்டது எளிய விதி கற்றவர்களிடம்தான். உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒரே ஒரு விதியை எடுங்கள். சம்பளம் வரும் நாளன்றே அது தானாக நடக்கும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். மற்றது அப்புறம்.

கேள்வி: இப்போது எந்த ஃபண்டில் போட்டால் நல்லது?

பதில்: அது இங்கே பேசும் விஷயம் இல்லை. உங்கள் வருமானமும் கடனும் தெரியாமல் யார் பெயர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: 2014-ல் வந்த பெரிய ஆய்வு, இந்த வகுப்புகளின் பலன் வெறும் 0.1 சதவீதம் என்று சொல்லிவிட்டது. பிறகு எதற்கு இந்த வீண் செலவு?

பதில்: அந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். ஃபெர்னாண்டஸ், லின்ச், நெட்மேயர் மூவரும் 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண விஷயத்தில் ஆளுக்கு ஆள் நடந்துகொள்வதில் இருக்கும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை வகுப்புகளால் விளக்க முடிந்தது என்பதுதான் முடிவு. 'ஆயிரத்தில் ஒருவர்தான் மாறினார்' என்று அதற்குப் பொருள் இல்லை. வருமானம், குடும்பச் சூழல், குணம், வேலை என்று ஒருவரின் பணப் பழக்கத்தை ஆயிரம் விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் ஒரு சில மணி நேர வகுப்பின் பங்கு சிறிதாகத்தான் இருக்கும். அதே ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியம்: 20 மாதங்களுக்கு மேல் போனால், நீண்ட வகுப்புகளின் தாக்கமும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதனால்தான் முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள்.

கேள்வி: மறுபடி நான்தான். சிறிது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் என் வாதம் நிற்கிறது.

பதில்: பாதி நிற்கிறது. 2022-ல் கைசர், லுசார்டி, மென்காஃப், உர்பன் நால்வரும் 76 சோதனைகளை ஒன்றுசேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகள் மட்டும். மொத்தம் 1,60,000 பேருக்கு மேல். அறிவும் கூடியது, நடத்தையும் மாறியது. அளவில் மற்ற பாடங்களைக் கற்பிப்பதால் வரும் பலனுக்கு நிகர். ஆகவே 'வீண்' என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: கையில் பணமே இல்லாதவனுக்குச் சேமிப்புப் பாடம் எடுத்து என்ன பயன்? பொறுப்பை அவன் தலையில் கட்டுவதற்கான வழிதானே இது?

பதில்: இந்த இடத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். இந்தோனேசியாவில், வங்கிக் கணக்கு இல்லாதவர்களில் சிலருக்கு வகுப்பு எடுத்தார்கள், சிலருக்குக் கணக்குத் தொடங்கச் சிறு தொகை கொடுத்தார்கள். கணக்குத் தொடங்க வைத்தது சிறு தொகைதான். வகுப்பு, பண விவரம் மிகக் குறைவாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் ஓரளவு வேலை செய்தது. குறைந்த கூலி, புரியாத கடன் ஒப்பந்தம், ஒளித்து வைத்த கட்டணம், இவற்றை வகுப்பு சரிசெய்யாது. அதைச் சட்டம்தான் செய்ய வேண்டும். வகுப்பைக் காட்டிச் சட்டத்தைத் தள்ளிப்போடுபவர்களை நானும் எதிர்க்கிறேன். ஆனால் சட்டம் வரும்வரை அந்த மனிதர் வட்டிக் கணக்கு தெரியாமலே இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பள்ளியிலேயே கட்டாயப் பாடம் ஆக்கிவிட்டால்?

பதில்: நல்லதும் உண்டு, கவனிக்க வேண்டியதும் உண்டு. பிரேசிலில் 892 மேல்நிலைப் பள்ளிகளில் செய்து பார்த்தார்கள். மாணவர்களின் அறிவும் சேமிப்பும் கூடின. கூடவே, அதிக வட்டிக் கடனில் பொருள் வாங்குவதும் கூடியது. கடன் என்ற கதவைக் காட்டினால் சிலர் அதற்குள் போய்விடுகிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் இந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கியதால் பலன் தெரியவில்லை, கூடுதல் கணிதம் கற்றவர்களிடம் தெரிந்தது என்ற ஆய்வும் இருக்கிறது. குழந்தைக்குச் சதவீதமும் கூட்டு வட்டியும் கை வரும்வரை போட வையுங்கள்.

கேள்வி: ஒரு நிதி நிறுவனம் இலவச வகுப்பு நடத்துகிறது. போகலாமா?

பதில்: கடைசி அரை மணி நேரத்தில் விண்ணப்பப் படிவம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது விற்பனைக் கூட்டம். கற்றுக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் அங்கே போடாதீர்கள்.

கேள்வி: தங்கமா, ஃபண்டா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மூன்று கடன் ஓடுகிறது. எதை முதலில் அடைப்பது?

பதில்: பொதுவாக வட்டி அதிகமானதை. தவணை ஏற்கெனவே தவறியிருந்தால் கடன் ஆலோசகரை நேரில் பாருங்கள், பத்திரங்களோடு. ஆலோசகர் புதுக் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவரிடம் ஆலோசனை வேண்டாம் என்று இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: மகளிர் குழுவுக்கு வகுப்பு எடுக்கப்போகிறேன். காணொளி போட்டால் போதுமா?

பதில்: போதாது. அகமதாபாத்தில் காணொளி வகுப்பை வைத்தே சோதித்தார்கள். தேர்வில் நன்றாக எழுதினால் பணம் என்று ஆசை காட்டியது பலிக்கவில்லை. ஆளுக்கொரு இலக்கு வைத்ததும், தனித்தனியாக உட்கார்ந்து பேசியதும்தான் நிஜப் பழக்கத்தை மாற்றின. நான்கு தலைப்பு வைத்திருந்தால் மூன்றை எடுத்துவிடுங்கள். மிச்ச நேரத்தில் ஒவ்வொருவரிடமும் 'எதற்காகச் சேர்க்கிறீர்கள், எந்தத் தேதிக்குள்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு மறுபடி போங்கள்.