இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால், கல்யாணம் செய்துகொண்டால் சட்டம் என்ன சொல்கிறது? டிவியில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மதுரைப் பக்கம் உங்கள் உறவில் ஒரு பெண், தோழியோடுதான் வாழப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். டிவி விவாதத்தில் ஒருவர் "சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்துவிட்டது" என்கிறார். அடுத்தவர் "சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டுவிட்டது" என்கிறார். எது சரி, வீட்டார் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. ஒருவர் 2018 தீர்ப்பை மனதில் வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் 2023 தீர்ப்பை. குற்றமா, சேர்ந்து வாழலாமா, பதிவுத் திருமணம் உண்டா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று விடை. விவாத மேடையில் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் சேதம் டிவியோடு நிற்பதில்லை. அதைக் கேட்ட அப்பாவும் தாய்மாமாவும் "தடை பண்ணிட்டாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அங்கே இருக்கும் ஏட்டையாவும் அதே விவாதத்தைத்தான் பார்த்திருப்பார்.

முதல் கேள்வி: குற்றமா? இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்வதற்கு இ.பி.கோ. 377 பொருந்தாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. ஒருவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். அது வேறு விஷயம், அதில் விளையாடக் கூடாது.

மூன்றாவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதிவுத் திருமணம் கிடையாது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தைக் கோர்ட் மாற்றி எழுத முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமல் வேறு வகையில் இணையரை அரசு அங்கீகரிக்க வேண்டுமா, இணையாகத் தத்தெடுக்கலாமா என்பதில்தான் 3-க்கு 2 என்று பிரிந்தார்கள். நீதிபதிகள் சந்திரசூட்டும் கவுலும் ஆம் என்றார்கள், மற்ற மூவர் மறுத்தார்கள். சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. ஆனால் இதற்குத் தடை என்று பெயர் வைப்பது பிழை. இரண்டு பெண்கள் ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் தண்டிக்க எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் முத்திரைத் தாளில் "திருமண ஒப்பந்தம்" அடித்து நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் திருமணம் ஆகாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊர்க் கோர்ட்டில் பிறந்த விதிவிலக்கு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிய மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிந்து கொடுங்கள் என்று உத்தரவிட்டார். 2023-ல் உச்ச நீதிமன்றமும், எதிர்பாலினத்தவரை மணக்கும் திருநருக்கு (திருநங்கை, திருநம்பி) இப்போதுள்ள சட்டங்களிலேயே வழி உண்டு என்றது. "யாருக்குமே கிடையாது" என்று விவாதத்தில் சொல்பவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

அந்த 2023 வழக்கில் மத்திய அரசு போட்ட பிரமாணப் பத்திரத்தில், இது நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்ற பொருளில் ஒரு வாதம் இருந்தது. டிவியில் இன்றும் சுற்றி வருவது அதுதான். மதுரையில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2012 ஜூலையிலேயே இந்த ஊர்த் தெருவில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) பேரணி போனது. தமிழ்நாட்டின் சட்ட நடைமுறையையே மாற்றிய 2021 வழக்கைத் தொடுத்தவர்கள் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள். வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போனார்கள். இரண்டு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், இரண்டு எஃப்.ஐ.ஆர். பதிவானது. அவர்கள் பாதுகாப்பு கேட்டுப் போன சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் எனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். கருத்து சொல்ல வருகிற யாரும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் சொற்பட்டியலும் வந்தது. 'விபரீதக் காதல்', 'தோழியுடன் ஓட்டம்', 'இளம்பெண் மாயம்' என்று தலைப்பு போட்டுப் பழகியவர்களுக்காக, பால்புதுமையினர், திருநர் போன்ற சொற்களை அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. 'ஓரினச் சேர்க்கை' என்ற சொல் ஒரு மனிதரைப் படுக்கையறைக்குள் மட்டும் வைத்துப் பார்க்கிறது. 'தன்பாலீர்ப்பு' அவர் யாரை நேசிக்கிறார் என்று சொல்கிறது. வீட்டில் பேசும்போதும் இந்த மாற்றம் உதவும். அம்மாவிடம் முதல் சொல்லைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பத்திரிகையிலோ டிவியிலோ உங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தையும் ஊரையும் போட்டுவிட்டால் புலம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம். சரியான பதில் இல்லையென்றால், செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார். டிவியில் நேரம் இன்னும் குறைவு: ஒளிபரப்பாகி ஏழு நாளுக்குள் சேனலுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அது வந்த 14 நாளுக்குள் செய்தி ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு ஆணையத்துக்கு. அந்தச் சேனல் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். யூடியூப் சேனல்கள் பெரும்பாலும் இதற்குள் வராது. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், வீடியோப் பதிவு எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள், பிறகு இணையத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். இதனால் பயன் உண்டா என்றால், உண்டு. 2011-ல் ஹைதராபாத் தன்பாலீர்ப்பாளர்களை ரகசியமாகப் படம் பிடித்து ஒளிபரப்பிய டிவி9 சேனலுக்கு அந்த ஆணையம் ஒரு லட்ச ரூபாய் அபராதம் போட்டு, மூன்று நாள் மன்னிப்பும் ஒளிபரப்ப வைத்தது. அப்போது 377 குறித்த வழக்கே முடிந்திருக்கவில்லை.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படும் இரண்டாவது கேள்வி: சேர்ந்து வாழலாமா, ஸ்டேஷனில் என்ன நடக்கும்? 18 முடிந்த இருவர் ஒரே வீட்டில் வாழ யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் நடைமுறையில் சிக்கல் வரும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது நகையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அவள் கழுத்தில் கிடந்த செயினாகவே இருந்தாலும், பெற்றோர் வாங்கியது என்றால் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். காணவில்லை என்ற புகார் நிற்காது என்று தெரிந்ததும் அடுத்து வருவது திருட்டுப் புகார்தான். எடுக்க வேண்டியவை பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம், படிப்புச் சான்றிதழ்கள், எல்லாம் அசல். கிளம்பிய அன்றே, தன் விருப்பத்தில் வெளியேறினேன், யாரும் கடத்தவில்லை என்று கைப்பட எழுதி, வயதுச் சான்று நகலோடு, ஊர் ஸ்டேஷனுக்கும், மாநகரம் என்றால் கமிஷனருக்கும் மற்ற ஊர் என்றால் எஸ்.பி.க்கும் ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்ப வேண்டும். இப்போது தங்கியிருக்கும் முகவரியை அதில் எழுத வேண்டியதில்லை, வக்கீல் முகவரி போதும்.

போலீஸ் கண்டுபிடித்தால் செய்ய வேண்டியது வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிப்பது. இருவரும் வயது வந்த பால்புதுமையினர் என்று தெரிந்தால் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பது 2021 உத்தரவின் நேரடி வாசகம். வழக்கமாக நடப்பது வேறு. ஸ்டேஷனில் உட்காரவைத்துச் சமாதானம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரோடு அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போடாமல், மாஜிஸ்திரேட் முன்னால் என் வாக்குமூலத்தைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கலாம். விருப்பமில்லாமல் பெற்றோரிடமோ காப்பகத்திலோ ஒப்படைக்க போலீசுக்கு அதிகாரம் இல்லை. விசாரணைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால் பெண்ணை அவர் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரவழைக்க முடியாது. 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: பால்புதுமையினரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் எண்ணைச் சொன்னால் பேச்சின் தொனி மாறும்.

வீட்டில் பூட்டி வைத்துவிட்டால் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் உட்பட தென்மாவட்டங்களுக்கு ஒத்தக்கடைக்கு அருகே இருக்கும் ஹைகோர்ட் கிளையில் போட வேண்டும். தோழியே மனுதாரராக இருக்கலாம். உறவு என்ன என்று துருவிக் கேட்க வேண்டாம், அந்தப் பெண்ணைத் தனியாக விசாரியுங்கள், மனதை மாற்றும் நோக்கில் கவுன்சிலிங்குக்கு அனுப்பாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று எல்லாக் கோர்ட்டுகளுக்கும் நெறிமுறை வகுத்தது. 2025 மே மாதம் வேலூர் மாவட்ட வழக்கொன்றில், தூத்துக்குடி வழக்கின் அதே நீதிபதி சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று எழுதி அந்தப் பெண்ணை விடுவித்தார்கள். அந்த மனுவில் தோழி, உறவை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியிருந்தார். நீதிபதிகள் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

மந்திரிப்பது, தாயத்து கட்டுவது எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றித் தருகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. அப்படி ஒருவர் சொன்னால் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

கல்யாணச் சான்று இல்லாத குறையைக் காகிதங்களால் ஓரளவு ஈடுகட்டலாம். இதைத்தான் எந்த விவாதத்திலும் யாரும் சொல்வதில்லை. வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. கிளையில் மறுத்தால் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 14-ம் பிரிவின்படி, எனக்கு முடியாமல் போனால் இவர்தான் என் பிரதிநிதி என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். குறிக்கப்பட்டவருக்கு 18 வயது முடிந்து, அவரும் சம்மதித்திருக்க வேண்டும். வீட்டார் மனநோய் என்று சொல்லி அட்மிட் செய்யப் பார்க்கும்போது இந்த ஒரு தாள் பெரிய காவல்.

நாமினி என்றால் சொத்து அவருக்கே என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் நாமினி பணத்துக்கு முழு உரிமையாளர் ஆவது பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளுக்குத்தான். தோழி நாமினி என்றால் பணம் அவர் கைக்கு வரும், பிறகு வாரிசுகள் கேட்டு வழக்குப் போடலாம். பி.எஃப். இன்னும் கறார்: விதியில் சொன்ன குடும்பத்தார் யாராவது இருந்தால், உதாரணமாகப் பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால், வெளியாள் பெயரில் போட்ட நாமினேஷன் செல்லாது. மணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சம்பாதித்தது பெற்றோருக்குப் போகும். ஆகவே உயில் கட்டாயம். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தீர்வை இல்லை, பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், ஒரு சாட்சி டாக்டராக இருந்தால் 'சுயநினைவில்லாமல் எழுதினாள்' என்ற வாதம் எளிதில் எடுபடாது. மனையோ வீடோ வாங்குவதாக இருந்தால் கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரையும் பங்கு அளவோடு எழுதிவிடுங்கள். ஒருவர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு செட்டில்மென்ட் எழுதினால், குடும்பத்தாருக்குக் கிடைக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகை இவர்களுக்குக் கிடைக்காது.