பார்க்காமல் போட்ட சரி

கேள்வி: அன்ரி, நான் தாதியர் பயிற்சி முதலாம் வருடம். சொந்த ஊர் திருகோணமலை. இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் கிளினிக்கல் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். நிலாவெளியிலிருந்து ஒரு மீனவரை நெஞ்சுவலி என்று ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். கட்டிலில் ஏற்றியதும் மூச்சு நின்றுவிட்டது. எல்லாரும் ஓடினார்கள், நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை. அன்று காலை, அவசரத்துக்கான மருந்தும் கருவிகளும் வைக்கிற எமர்ஜென்சி ட்ரொலியைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நேரமில்லாததால் ஒன்றையும் பார்க்காமல், முந்தின நாள் தாளைப் பார்த்துச் சரி போட்டிருந்தேன். மூச்சுக் குழாய் போடத் தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் லரிங்கோஸ்கோப்பை டொக்டர் விரித்தபோது பல்ப் எரியவில்லை, வேறு வோட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவியின் அழுகை இன்னும் காதில் கேட்கிறது. ‘இந்த வேலை உனக்குச் சரிவராது, விட்டுவிட்டு பாங்க் சோதனைக்குப் படி’ என்கிறா அம்மா. எனக்கு மனத்தைரியம் போதாதா?
— ஒரு மாணவி, உப்புவெளி

பதில்: பிள்ளை, முதல் மரணத்தைக் கண்டு நடுங்கியவர்களின் கடிதம் இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும். நடுக்கத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ‘முந்தின நாள் தாளைப் பார்த்துச் சரி போட்டிருந்தேன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பல்ப் எரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரிந்துகொள்ள வழியில்லை. குழாய் போடத் தாமதித்தாலும் கையால் அமுக்குகிற அம்பு பாக் பையால் மூச்சுக் கொடுக்கலாம். இதயம் நின்றவருக்கு முதலில் வேண்டியது மார்பு அழுத்தமும், தேவையானால் மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும்தான். ஆகவே அந்தச் சாவை உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் அதே தாளில் டிஃபிப்ரிலேட்டருக்கும் ஒட்சிசனுக்கும் சளி உறிஞ்சும் சக்ஷனுக்கும் நீ பார்க்காமலேதான் சரி போட்டிருக்கிறாய். அவை வேலை செய்ததற்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நினைத்துத்தான் நீ நடுங்கியிருக்கவேணும்.

கடலுக்குப் போகிறவர் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டா வள்ளத்தைத் தள்ளுவார்? ஆஸ்பத்திரியில் எல்லாம் ஆயத்தமாக இருக்கும் என்று நம்பித்தானே அந்த அம்மா கணவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தா.

ட்ரொலி பார்க்க 15 நிமிடம் போதும். லரிங்கோஸ்கோப்பையே எடுத்துக்கொள். பிளேட்டைக் கைப்பிடியில் கொளுவி விரித்தால் வெளிச்சம் வெள்ளையாகப் பளிச்சென்று வரவேணும். மஞ்சளாக மங்கினால் பற்றறி இறங்குகிறது. எரியவே இல்லையென்றால் முதலில் பல்பை விரலால் இறுக்கு. கழுவித் துடைக்கும்போது அது தளர்ந்துவிடும், பெரும்பாலும் பிழை அங்கேதான். அடுத்து, பிளேட் கைப்பிடியைத் தொடுகிற உலோகத்தைத் துடை. நம்முடைய கடற்காற்றில் அந்த இடம் சீக்கிரம் பூத்துப்போகும். பிறகுதான் பற்றறி. பழைய பற்றறி உள்ளேயே கசிந்து பச்சை பிடித்துக் கிடப்பதும் உண்டு. பல்ப் இருப்பது பிளேட்டில் என்பதால் 3ஆம், 4ஆம் இலக்கப் பிளேட்டுகள் இரண்டையும் தனித்தனியாகக் கொளுவிப் பார்க்கவேணும். ஒன்று எரிந்தது என்பதற்காக மற்றதற்கும் சேர்த்துச் சரி போட முடியாது.

அம்பு பாக்கில் முகமூடியைக் கழற்றி, பையின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கு. பை சுருங்கினால் எங்கோ கசிகிறது. சக்ஷனைப் போட்டுக் குழாயை மடித்துப் பிடி. முள் 300 mmHgக்கு மேல் ஏறவேணும். ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பார், சாவி அதோடு கட்டியிருக்கிறதா என்றும் பார். 680 லீற்றர் பிடிக்கிற சின்ன சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லீற்றர் ஓடினால் 45 நிமிடத்தில் காலி. இரவு இழுப்போடு ஒருவர் வந்திருந்தாலே போதும், நேற்றைய ‘நிறைந்திருக்கிறது’ இன்றைக்குப் பொய். மருந்துகளை எண்ணு, திகதி பார். டிஃபிப்ரிலேட்டர் வயர் சுவரில் செருகியிருந்தால் மட்டும் போதாது. சுவிட்ச் போட்டிருக்கிறதா, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்தபிறகு பேனையை எடு.

சுவரோடு நின்றதற்கும் ஒரு வார்த்தை. முதலாம் வருடத்துக்காரியை யாரும் குழாய் போடச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த அறையில் நேரம் எழுதுகிற ஆள் எப்போதும் வேணும். ‘மிஸ், நான் நேரம் எழுதவா?’ என்று கேட்டால் உனக்கும் ஓர் இடம் கிடைக்கும். அட்ரினலின் ஊசி 1 மில்லிகிராம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எப்போது கொடுத்தார்கள் என்று எழுதி, மூன்று நிமிடம் ஆனதும் குரல் கொடு. அழுத்துகிறவர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேணும். களைத்துப்போனால் அழுத்தத்தின் ஆழம் 5 சென்ரிமீற்றரை விடக் குறைந்துவிடும், அது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதையும் நீ சொல்லலாம். நடுங்குகிற கையாலும் மணி பார்த்து எழுத முடியும்.

இனி அம்மா. உன் அழுகையைத்தான் அவவிடம் காட்டியிருக்கிறாய், தாளைப் பற்றி வாய் திறந்திருக்கமாட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது. பாதிக் கதையைக் கேட்ட தாய் வேறென்ன சொல்லுவா? பிள்ளை பயந்துவிட்டது, வீட்டுக்கு வா என்பா. முழுக் கதையும் தெரிந்தபிறகும் ‘விட்டுவிட்டு வா’ என்றால் அது பாசமில்லை, பிள்ளையைக் கெடுப்பது. பெற்றவர்கள் பிள்ளையின் பிழையை மூடிக் காப்பாற்றுவதை நான் ஒருநாளும் சரியென்று சொன்னதில்லை. எண்ணாமல் கையெழுத்து வைக்கிற பழக்கத்தோடு பாங்குக்குப் போனால் அங்கே மட்டும் என்ன நடக்கும்?

அடுத்த டியூட்டிக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் இன்சார்ஜ் சிஸ்டரிடம், ‘அன்று ட்ரொலியை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சரி போட்டேன்’ என்று சொல். நேரமில்லை, வேலை கூட என்ற சாட்டுகளை அதோடு சேர்க்காதே. ஏசுவா, கேட்டுக்கொள். உன் பயிற்சி ஆசிரியைக்கும் அவ அறிவிக்கக்கூடும், அதற்கும் ஆயத்தமாகப் போ. எஞ்சிய நாட்களுக்கு ட்ரொலி வேலையைத் தினமும் உனக்கே தரச் சொல்லிக் கேள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை இதெல்லாம் முடிந்தபிறகு யோசி. சிஸ்டரிடம் தனியாகப் போகவேணும்; அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதே.