பச்சை டிக் விழுந்தால் பைத்தான் வந்துவிடுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். அதற்குள் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்துவிடலாமா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள். எடிட்டருக்குள்ளேயே, அதாவது நிரல் எழுதும் மென்பொருளுக்குள்ளேயே, பாடம் படிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதில் வந்த கேள்விகளுக்கு எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எடிட்டருக்குள்ளேயே பாடம் என்கிறீர்களே, எப்படி?

பைத்தான் எழுதும் எடிட்டரான பைசார்மைத் திறந்து, பிளகின் (கூடுதல் வசதிகள்) பட்டியலில் 'ஜெட்பிரெயின்ஸ் அகாடமி' என்று தேடிப் போட்டுக்கொள். ஒரு பக்கம் பாடம் இருக்கும், இன்னொரு பக்கம் பாதி எழுதிய நிரல். விட்ட இடத்தை நிரப்பி 'செக்' பட்டனை அழுத்தினால் சரியா தப்பா என்று அங்கேயே தெரியும், சரி என்றால் பச்சை டிக் விழும். வேலைக்குப் போனாலும் இதே மாதிரி எடிட்டரில்தான் எழுதப்போகிறாய். கை இப்போதே பழகிவிடும்.

தங்கச்சிமடம்: நெட் வந்து வந்து போகிறது.

ஒருமுறை முழுதாக இறக்கிக்கொண்டால் பெரும்பாலான பாடங்களுக்குப் பிறகு நெட் தேவைப்படாது. சோதனை உன் கணினியிலேயே ஓடும்.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை: காக்கா (அண்ணே), என் லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம்தான்.

பைசார்ம் மூச்சு வாங்கும், வேண்டாம்மா. 'தானி' என்ற சின்ன எடிட்டரைப் போட்டுக்கொள். எஸ்டோனியாவில் தார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, பைத்தானும் அதோடு சேர்ந்தே வரும். பாடம் அதற்குள் இருக்காது. ஆனால் நிரலை ஒவ்வொரு அடியாக ஓட்டி, எந்த மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) என்ன மதிப்பு என்று கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகப் படிப்பவருக்கு அதுவே பாதி வாத்தியார்.

பாம்பன்: நாற்பது பயிற்சி முடித்தேன், எல்லாம் பச்சை. வெற்றுக் கோப்பைத் திறந்தால் ஒரு வரி ஓடவில்லை. ஏன் அண்ணே?

எனக்கும் இதேதான் நடந்தது. பயிற்சியில் முக்கால்வாசியை அவர்களே எழுதிவிடுகிறார்கள், நாம் ஒரு சொல்லை வைக்கிறோம். முட்டினால் விடையை எட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. அப்புறம் எப்படி வரும்?

பச்சை விழுந்ததும் அந்தப் பாடத்தை மூடிவிட்டு, அதே விஷயத்தை நம் கணக்கு ஒன்றில் எழுதிப் பார். நான் முதலில் எழுதியது ஏலக் கணக்கு. கிலோ 3 என்று நிரலிலேயே எழுதிவிட்டு, நண்டு விலையை மட்டும் 'இன்புட்' மூலம் வாங்கிப் பெருக்கினேன். 450 என்று தட்டினால் வந்த விடை 450450450. மூன்று கிலோ நண்டு நாற்பத்தைந்து கோடி! 'இன்புட்' தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். சரத்தை மூன்றால் பெருக்கினால் பைத்தான் அதை மூன்று முறை ஒட்டிக் கொடுக்கும், பிழை என்றுகூடச் சொல்லாது. 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் 1350 வந்தது. பாடத்தில் இதற்கும் பச்சை வாங்கியிருந்தேன், ஆனால் மண்டையில் ஏறியது அந்த நாற்பத்தைந்து கோடியைப் பார்த்த பிறகுதான்.

அடுத்து டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கை எழுது. 10,000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒரு ரூபாய் மிஞ்சும். இரட்டைச் சாய்கோடு போட்டால் ஆளுக்கு 3333, சதவீதக் குறி போட்டால் மிஞ்சும் அந்த 1. அது யாருக்கு என்பதைப் பைத்தான் சொல்லாது, படகுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

தொண்டி: மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

பைத்தான் 3-இல் தாராளமாக. மீன்_விலை = 450 என்று எழுதினால் ஓடும். நாலு பேரோடு சேர்ந்து எழுதும்போது ஆங்கிலப் பெயர்தான் தோது. தனியாகப் பழக தமிழே நல்லது என்பேன்.

ராமேஸ்வரம்: ஆண்ட்ராய்டு ஆப் செய்ய ஆசை. பைத்தானை விட்டுவிடவா?

இந்த 61 நாளுக்குள் இரண்டு வலை வீசாதே. முடித்துவிட்டு, ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லினுக்குப் போ. 'கோட்லின் கோன்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பும் இதே மாதிரி எடிட்டருக்குள் கிடைக்கிறது. பின்லாந்து வளைகுடாவில் உள்ள ஒரு தீவின் பெயரைத்தான் அந்த மொழிக்கு வைத்திருக்கிறார்கள். தீவுக்காரப் பிள்ளைக்குப் பொருத்தம்தானே!