காந்தள் கொடி காஞ்சு போச்சு, பிடுங்கிடலாமா?

கேள்வி: ஆடி மாசம் நர்சரில செங்காந்தள் கிழங்கு வாங்கி மாடித் தொட்டில வெச்சேன் சார், ஐப்பசில அவ்ளோ அழகா பூத்துச்சு. இப்ப தை மாசம், கொடி முழுக்க மஞ்சளாகி காஞ்சு தொங்குது, ரெண்டு வேளை தண்ணி ஊத்தியும் தேறல. பிடுங்கிப் போட்டுட்டு ஆன்லைன்ல விக்கிற குங்குமப்பூ கிழங்கு வைக்கலாமா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: பிடுங்காதீங்கம்மா! மொதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துங்க. கொடி சாகல, காந்தளோட சுபாவமே அதான், மழைக்கு முளைச்சு ஐப்பசி கார்த்திகைல பூத்து காய் முத்தினதும் மேல இருக்கறது எல்லாம் காஞ்சுடும், உள்ள பழைய கிழங்கு சுருங்கி அதோட சத்து புதுக்கிழங்குக்குப் போயிருக்கும், இந்த நேரத்துல ஈரம் நின்னா அழுகல்தான் வரும். காஞ்ச தண்டை மட்டும் வெட்டிட்டு, தொட்டிய மழை படாத நிழல்ல ஓரமா வெச்சுடுங்க. நம்ம ஊரு அக்னி நட்சத்திர வெயில்ல மொட்டைமாடித் தளத்துல விட்டுடாதீங்க, மண்ணோட சேர்ந்து கிழங்கும் வெந்துடும்.

ஆனி கடைசில இல்ல ஆடில மெதுவா கொட்டிப் பாருங்க. கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டு கையா வளைஞ்சிருக்கும், ஒவ்வொரு கையோட நுனியிலயும் ஒரே ஒரு முளைதான், அது ஒடிஞ்சா அந்தக் கை முளைக்காது, அதனால பச்சைக்குழந்தைய தூக்குற மாதிரி தூக்குங்க. மணலும் மக்குன எருவும் கலந்த மண்ணுல ரெண்டு மூணு அங்குல ஆழத்துல படுக்கவெச்சு மூடுங்க, தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. பக்கத்துல ஒரு குச்சியோ கம்பியோ நட்டாப் போதும், இலை நுனியே சுருண்டு பிடிச்சுக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், கிழங்கு, விதை, இலை எல்லாமே கடுமையான விஷம், கொல்சிசின்ங்கற பொருள் அதுல இருக்கு, உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டுட்டு தொடுங்க, கிழங்க சமையல்கட்டுப் பக்கமே கொண்டு போகாதீங்க, சின்னப் பசங்க இருந்தா எட்டாத இடத்துல வைங்க.

குங்குமப்பூ வேணாம். காஷ்மீர் பாம்பூர்ல அக்டோபர், நவம்பர்ல பூக்கற செடி அது, பூ வெளிய வரவே 17 டிகிரி கிட்ட குளிர் வேணும், வேலூர் மாடில அதுக்கு வழியே இல்ல. அந்தக் காசுக்கு வெள்ளை ரெயின் லில்லி கிழங்கு வாங்கி தொட்டி ஓரமா ஒரு அங்குல ஆழத்துல ஊனுங்க, நல்ல மழை பேஞ்ச சில நாள்ல கொத்தா பூத்துடும்.